பரவாயில்லை

ப்ரெண்ட் என்னை மார்ட்டீன் என்றான்.
ஸொலான்ஜ் தொண்டைக்குள் ஒரு ரகரத்தை உருட்டி
மர்த்தின் என்றாள்.
காரைக்காலில் என் வீட்டுக்கு நான் மத்தி,
கூறு போட்டு விற்கிற அதே மத்தி.
ஆறு நாளைக்கு மொழிபெயர்ப்பாளர்.
சாப்பாடு அவர்கள் செலவு.

கடைமடைக்கு ஏன் தண்ணீர் வருவதில்லை என்று
எழுதிக்கொண்டு போக வந்தவர்கள்.
வேலை ஒன்று, நோட்டு இரண்டு.
மேட்டூர் திறக்கும் நாளை
அவன் 6/12 என்று எழுதினான்,
அவள் 12/6 என்று.
ஜீப் திருநள்ளாறு தாண்டும்வரை சண்டை:
ஜூன் பன்னிரண்டா, டிசம்பர் ஆறா?
முன்சீட்டிலிருந்து சொன்னேன்:
திறப்பது ஜூனில்.
இங்கே வந்து சேர்வது சில வருஷம் டிசம்பரில்.
இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.
ப்ரெண்ட் தொடையைத் தட்டிச் சிரித்தான்.
ஸொலான்ஜ் சிரிக்கவில்லை.
குறித்துக்கொண்டாள்.

அவன் எல்லாவற்றையும் பார்த்துச் சிரிப்பான்.
டீக்கடையை, மதகை, எருமையை,
நம்மைத் திட்டிவிட்டுப் போன லாரிக்காரரை.
எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டபடியே
நடந்துவிடுவான், பதில்தான் பின்னால் ஓட வேண்டும்.
அவளைக் கேட்டால் நின்றுவிடுவாள்.
யோசிப்பாள்.
தூக்கமில்லை, முட்டி வலி, கொசு,
அப்பாவுக்கு அறுவை சிகிச்சை திங்கட்கிழமை.
கேட்டவன்
செருப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பான்.

காவிரிக்கு நாம் அடித்துக்கொள்வது டி.எம்.சி.யில்,
அதாவது கன அடியில், என்றதும்
ப்ரெண்டுக்குத் தலைகால் புரியவில்லை.
அடியை விடாதவர்கள் நாங்கள் மட்டும் இல்லை!
ஸொலான்ஜ் பெருமூச்சுவிட்டு
கால்குலேட்டரை எடுத்தாள்.
வாய்க்காலுக்குக் குறுக்கே டேப்பைப் பிடித்தார்கள்.
ஒரு விளிம்பில் அங்குலம், மறு விளிம்பில் சென்டிமீட்டர்.
அடியில் வெடித்த வண்டல்,
ஒரு பிளாஸ்டிக் குடம்,
அதற்குள் ஒரு நண்டு.
வியாழக்கிழமை அது.
நண்டைப் பார்த்து அவள் சிரித்தாள்.
அந்த வாரத்துக்கு அவ்வளவுதான்.

வைரக்கண்ணுவிடம் போன போக விளைச்சல் கேட்டோம்.
பரவாயில்லை, என்றார்.
இந்த ஒரு சொல்லோடுதான் நான் மாட்டிக்கொண்டேன்.
மோசமில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னேன்,
ப்ரெண்டின் முகம் விழுந்துவிட்டது:
ஐயோ, அவ்வளவு மோசமா?
பிரெஞ்சில் சொன்னேன்.
ஸொலான்ஜ் தலையாட்டினாள்: அப்படியா, நல்ல மகசூல்!
உண்மை என்ன என்று
வைரக்கண்ணுவின் முகத்தில் தேடினேன்.
அவர் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

மணி மூன்று.
கிளம்பும்போது அவர் மனைவி பூங்காவனம்
வாசலில் நின்று வழக்கம்போல,
சாப்பிட்டாச்சா?
ப்ரெண்ட் கட்டைவிரலை உயர்த்தினான், பிரமாதம், நன்றி!
ஸொலான்ஜ் கைக்கடிகாரத்தைப் பார்த்து
நேர்மையாகச் சொன்னாள்:
இல்லை, இன்னும் இல்லை.
அவ்வளவுதான்.
அடுப்பு பற்றிக்கொண்டது.
பக்கத்து வீட்டு முட்டை வந்தது, வாழையிலை வந்தது,
என் பக்கம் ஒரு பார்வையும் வந்தது:
நீ எதுக்கடி இருக்கே?

ப்ரெண்ட் மூன்று முறை சோறு வாங்கினான்.
வாழ்க்கையிலேயே இப்படிச் சாப்பிட்டதில்லை என்றான்.
முந்தாநாள் பஸ் நிலையத்து சமோசாவுக்கும்
அதையேதான் சொன்னான்.
ஸொலான்ஜ் வற்றல்குழம்பை விரலால் தொட்டு
கண்ணை மூடி, வெகு நேரம் கழித்து,
மோசமில்லை, என்றாள் அவள் மொழியில்.
அவளிடமிருந்து அது வருவது
மேட்டூர் நிரம்புவது மாதிரி.

என்னவாம்? என்றார் பூங்காவனம்,
கரண்டியும் கையுமாக.
பரவாயில்லையாம் என்று
சொல்லத் திறந்த வாயை மூடினேன்.
அவன் சொன்னதை எடுத்து
அவள் பெயரில் கொடுத்தேன்:
வாழ்க்கையிலேயே இப்படிச் சாப்பிட்டதில்லையாம்.

இன்னொரு கரண்டி விழுந்தது அவள் இலையில்.
போதும் என்பதை எப்படிச் சொல்வது என்று
ஸொலான்ஜ் என்னைக் கேட்டாள்.
அதற்கு இங்கே சொல் கிடையாது,
இலையை மடித்துவிடு, என்றேன்.